பதினேழாவது குறிப்பு

சுற்றறிக்கை 11 பக்கம். உச்சியில் அரபியில் பிஸ்மில்லா, அதன் கீழ் பள்ளியின் முத்திரை, அப்புறம் ஆங்கிலத்தில் 24 குறிப்புகள். புதிய கல்வி ஆண்டுக்குக் குடும்பங்கள் தயாராவது எப்படி என்பது தலைப்பு. ‘குழந்தைகள்’ என்று போடவில்லை, ‘குடும்பங்கள்’ என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லை நான் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் தமிழில் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அது 2024 மே மாதம், மும்பையின் கோடை விடுமுறை. எங்கள் மகளுக்கு அப்போது 8 வயது. மூன்றாம் வகுப்புக்கு அந்த இஸ்லாமியப் பள்ளியில் புதிதாகச் சேர்த்திருந்தோம். படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர், பத்திரிகையாளர் என்று நான் எழுதியதைப் பிரின்சிபால் மேடம் நினைவில் வைத்திருந்தார். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். “இங்கே தமிழ்க் குடும்பங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அம்மாக்களுக்கு ஆங்கிலமும் தெரியாது, உருதுவும் தெரியாது. எதைக் கொடுத்தாலும் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். நீங்கள் தமிழில் போட்டுத் தர முடியுமா?”

அவர் சொன்ன அம்மாக்களை எனக்குத் தெரியும். தாராவியில் தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறி வந்த முஸ்லிம்களின் பேத்திகள், பேரன் மனைவிகள். வீட்டில் நெல்லைத் தமிழ், கடையில் பம்பாய் இந்தி. உருது என்பது பக்கத்து வீட்டு மொழி. முஸ்லிம் என்றால் உருது பேசுவார் என்று நினைக்கும் இந்த ஊரில், அவர்கள் பாதி முஸ்லிம்களாகவே நடத்தப்படுகிறார்கள். நானும்தான். நான் காயல்பட்டினத்துக்காரி. என் உருதுவைக் கேட்டு ஆட்டோக்காரர்கள் சிரிப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. முஸ்லிம் குழந்தைகள் எல்லாரும் மதரஸாவில்தான் படிக்கிறார்கள் என்று நம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு, படித்தவர்கள், பத்திரிகையாளர்கள். 2006-ல் வெளியான சச்சார் குழு அறிக்கையின்படி பள்ளி வயது முஸ்லிம் குழந்தைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் சுமார் 4 சதவீதம்தான். மற்றவர்கள் சாதாரணப் பள்ளிக்குப் போய்விட்டு, காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் தெருமுனை மக்தபில் ஓதிவிட்டு வருபவர்கள். இஸ்லாமியப் பள்ளி என்பது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. கணக்கு, அறிவியல், ஆங்கிலம், மராத்தி எல்லாம் அரசுப் பாடத்திட்டப்படி. அதே கட்டடத்தில், அதே மணி அடித்து, குர்ஆன், தொழுகைப் பயிற்சி, நபிகள் வரலாறு. பெரிய நகரங்களில் 1990-களுக்குப் பிறகு பெருகிய வகை இது. நடுத்தர வர்க்கத்து வசதிக்காக ஏற்பட்டது என்றும் சொல்லலாம். இரண்டு இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட வேண்டியதில்லை.

என் கணவருக்கு இந்தப் பள்ளியைப் பிடித்ததற்குக் காரணம், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. என் காரணம் வேறு. முந்தைய பள்ளியில் ஒரு சிறுமி தினமும் என் மகளின் டிபன் பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இறைச்சி என்று பார்ப்பாள். வகுப்பாசிரியையிடம் சொன்னேன். “குழந்தைகள்தானே” என்று சிரித்தார். அதன் பிறகு என் மகள் எலுமிச்சம்பழச் சாதம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள். ஒரு வருடம் முழுக்க எலுமிச்சம்பழச் சாதம். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்காத ஓர் இடத்தில், எல்லாரையும் போல ஒருத்தியாக அவள் இருக்க வேண்டும் என்றுதான் இங்கே மாற்றினேன். வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

மொழிபெயர்ப்பு தலைப்பிலேயே தகராறு செய்தது. ‘பள்ளி’ என்று எழுதினால் எங்கள் ஆட்களுக்கு அது தொழும் இடம். “பள்ளிக்குப் போயிட்டு வாறேன்” என்றால் ஆண்பிள்ளை ஐந்து வேளையில் ஒரு வேளைக்குக் கிளம்புகிறான் என்று பொருள். சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்கும், பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும், முஸ்லிம்கள் தொழும் இடத்துக்கும் தமிழ் ஒரே சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் இதைக் கேட்டபோது பெருமையாக இருந்தது. மும்பையில் உட்கார்ந்து சுற்றறிக்கை எழுதும்போது இடைஞ்சலாக இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் ‘பள்ளிக்கூடம்’ என்று முழுசாக எழுதினேன்.

முதல் பதினாறு குறிப்புகளும் நல்ல குறிப்புகள். அனுபவசாலி எழுதியது என்று தெரிந்தது. பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே குழந்தையைத் தினமும் பத்து நிமிடம் முன்னதாகத் தூங்க வையுங்கள். ஒரே நாளில் மாற்ற முயலாதீர்கள். மழைக்காலம் முடியும்வரை தோல் ஷூ வேண்டாம், பிளாஸ்டிக் செருப்பு போதும். வெள்ளை முக்காடு இரண்டு வாங்குங்கள். ஒன்று எப்படியும் காயாது. ஒளு செய்யும்போது சட்டைக் கை நனையாமல் மடித்துவிட வீட்டிலேயே பழக்குங்கள். கழிப்பறைக்குப் போகப் பயப்படும் குழந்தை என்றால் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

குர்ஆன் மனனம் செய்யும் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு குறிப்பு இருந்தது. எல்லாரும் ஒரே 15 வரிப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும். வீட்டில் தாத்தா வைத்திருக்கும் பழைய பிரதியில் ஓதக் கூடாது. இது கெடுபிடி இல்லை. மனனம் செய்யும் பிள்ளைக்கு வசனம் காதில் மட்டும் நிற்பதில்லை, கண்ணிலும் நிற்கிறது. இந்த வசனம் வலப்பக்கம் மேலிருந்து மூன்றாவது வரி என்றுதான் நினைவு பதிகிறது. பதிப்பு மாறினால் இடம் மாறும். இடம் மாறினால் பிள்ளை தடுமாறும். அன்றன்றைய புதுப் பாடம், சில நாள் முந்திய பாடம், பழைய பாடம் என்று தினமும் மூன்று அடுக்காக ஓத வேண்டும். அந்தப் பழைய பாடத்தை வீட்டில் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றும் இருந்தது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டில் யார் உட்காருவது என்று குறிப்பு சொல்லவில்லை.

எனக்கு மொழிபெயர்ப்பில் ருசி ஏற்பட்டது இந்தப் பகுதியில்தான். உருதுவில் பாடத்தையும் ‘படிக்கிறார்கள்’, குர்ஆனையும் ‘படிக்கிறார்கள்’, தொழுகையையும் ‘படிக்கிறார்கள்’. எல்லாவற்றுக்கும் ஒரே வினை. நாம் பாடத்தைப் படிக்கிறோம், குர்ஆனை ஓதுகிறோம், தொழுகையைத் தொழுகிறோம். ஆங்கிலச் சுற்றறிக்கையே உருதுவில் யோசித்து எழுதப்பட்டதுதான். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு வினையும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று இரவு 16 குறிப்புகள் முடித்தேன்.

பதினேழாவது குறிப்பு இதுதான்: பள்ளியில் கற்றுத்தரும் தொழுகை முறையையே வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டும், வேறு முறை எதையும் குழந்தைக்குக் கற்றுத் தரக் கூடாது, அது குழந்தையைக் குழப்பும்.

இங்கே நான் ஏப்ரலுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11. அதற்கு அடுத்த வாரம் சேர்க்கைக்கு முன்னோட்டமாக ஒரு சின்னச் சோதனை. கணக்கு, வாசிப்பு முடிந்த பிறகு, பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியை அழைத்தார். எல்லாரும் அவரை ‘ஆபா’ என்கிறார்கள், அக்கா என்று அர்த்தம். உத்தரப்பிரதேசத்துக்காரர், மென்மையான குரல். மதியத் தொழுகையின் பெயர் என்ன என்று கேட்டார். என் மகள் “லுஹர்” என்றாள். ஆபா புன்னகையோடு, “ஸுஹர்” என்றார். தொழுகைக்கு முன் என்ன செய்வாய்? “ஒளு.” “வுஸூ, மகளே.” நோன்பு மாதம்? “ரமலான்.” அதற்கும் திருத்தம் வந்தது. பிறகு இரண்டு ரக்அத் தொழுது காட்டச் சொன்னார். மகள் தொழுதாள். குனிவதற்கு முன் இரண்டு கைகளையும் தோள்வரை உயர்த்தினாள். நிமிர்ந்தபோது மறுபடியும் உயர்த்தினாள். ஊரில் முந்தைய விடுமுறையில் என் உம்மா சொல்லிக் கொடுத்தபடி, ஓர் அங்குலம் பிசகாமல்.

ஆபா என்னைப் பார்த்துத் தயங்கிக் கேட்டார்: “நீங்கள் அஹ்லே ஹதீஸா?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. நாங்கள் ஷாஃபி என்றேன். “அப்படியா” என்று தலையசைத்தார். முகத்தில் நிம்மதி வந்ததா, சந்தேகம் கூடியதா என்று சொல்லத் தெரியவில்லை.

சன்னி முஸ்லிம்களுக்குள் நான்கு சட்ட மரபுகள் உண்டு. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் பெரும்பாலும் ஹனஃபி. கடலோரம் ஷாஃபி: கேரளத்து மாப்பிளாக்கள், பட்கல் நவாயத்துகள், கொங்கணி முஸ்லிம்கள், எங்கள் காயல்பட்டினம், கீழக்கரை. அரபுக் கப்பல்கள் வந்து நின்ற கரையெல்லாம் ஷாஃபி என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஹனஃபிகள் தொழுகையின் தொடக்கத்தில் மட்டும் கையை உயர்த்துவார்கள். நாங்கள் குனியும்போதும் நிமிரும்போதும் உயர்த்துவோம். சத்தமாக ஓதும் தொழுகைகளில் நாங்கள் ஆமீனைச் சத்தமாகச் சொல்வோம்; அவர்கள் மனதுக்குள் சொல்வார்கள். ஒருவர் தொழுகையை மற்றவர் ஏற்பதில்லை என்பதெல்லாம் கிடையாது. ஆனால் வடக்கே எந்த மரபையும் சாராத அஹ்லே ஹதீஸ்காரர்களும் கையை உயர்த்துகிறார்கள். ஆகவே அங்கே உயர்ந்த கை ஒரு கட்சிக் கொடி மாதிரி. இது இன்று நேற்றைய சண்டை இல்லை. 1885-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம்வரை ஒரு வழக்கு போயிற்று. மசூதியில் ஆமீனைச் சத்தமாகச் சொன்னதுதான் குற்றச்சாட்டு. சர் சையத் அகமது கானின் மகனான நீதிபதி சையத் மஹ்மூத் அந்த வழக்கில் உரக்கச் சொல்லும் உரிமையை ஆதரித்து நீளமாக எழுதினார். ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லலாமா என்பதற்கு அத்தனை பக்கங்கள்.

அன்று ஆட்டோவில் வீடு திரும்பும்போது மகள் கேட்டாள்: “ஊர்ல சொல்லித் தந்ததெல்லாம் தப்பா உம்மா?”

தப்பில்லை என்றேன். பிறகு ஏன் அந்த ஆபா திருத்தினார் என்றாள். அவர் ஊர் வழக்கம் அது என்றேன். “அப்ப அங்க நான் எப்படிச் சொல்லணும்?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பிப் பார்க்கப்படாமல் இருக்கத்தான் பள்ளியை மாற்றினேன். சேர்வதற்கு முன்பே திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

ஒலி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. தமிழ் படித்தவளுக்கு வரும் கோபம். அரபியில் ‘ளாத்’ என்று ஓர் எழுத்து உண்டு. அரபியை ‘ளாத் மொழி’ என்றே அரபிகள் பெருமையோடு சொல்வார்கள். அதை உருதுக்காரர் ‘ஸ’ என்றும், தமிழரும் மலையாளிகளும் ‘ல’, ‘ள’ என்றும் கேட்டார்கள். இரண்டும் அசலில்லை. ஆனால் எட்டாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் சீபவைஹி இந்த எழுத்து நாக்கின் பக்கவாட்டில் பிறப்பதாக வருணிக்கிறார். அது நம் ளகரத்துக்கு எட்டாத தூரம் அல்ல. ஸ்பெயினில் அரபியிலிருந்து போன ‘அல் காளி’ என்ற சொல் அங்கே ‘அல்கால்தே’ ஆகியிருக்கிறது. அங்கேயும் ஒரு லகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் ஆபாவிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். ‘லுஹர்’ என்பதற்கு இந்த வாதம் பொருந்தாது, அது வேறு எழுத்து என்பது நினைவுக்கு வந்ததும் சொற்பொழிவைக் கைவிட்டேன்.

பதினேழாவது குறிப்புக்கு வருகிறேன். அதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ‘கூடாது’ என்பதை ‘தவிர்க்கலாம்’ ஆக்கினேன். ‘முறை’யைப் ‘பழக்கம்’ ஆக்கினேன். எப்படி எழுதினாலும் என் உம்மாவைப் பார்த்து வாயை மூடு என்று நானே சொல்வது போல இருந்தது. இரவு ஒன்றரை மணி. கடைசியில் அந்தக் குறிப்பை அப்படியே விட்டுவிட்டேன். பதினெட்டைப் பதினேழாக்கி, கடைசி எண்ணை 23-ல் முடித்து, காலையில் அனுப்பினேன்.

இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்கிறேன். எனக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பேட்டிகளை, எனக்கு எரிச்சலூட்டும் கட்டுரைகளை, ஒரு சொல் விடாமல் பெயர்த்திருக்கிறேன். ஒரு வரியை வேண்டுமென்றே விட்டது அதுதான் முதல் தடவை.

பெற்றோர் கூட்டம் ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் மும்பைக்குப் பருவமழை வந்ததாக வானிலைத் துறை அறிவித்தது. கூடத்தின் தகரக் கூரையில் மழை விழுந்து ஒலிபெருக்கியைத் தோற்கடித்தது. ஒரு பக்கம் தாய்மார், மறுபக்கம் தந்தையர். அன்று இரவு இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் என்பதால் தந்தையர் பக்கத்தில் கடிகாரம் பார்ப்பது அதிகமாக இருந்தது. ஒரு தாய் எழுந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்கிறார்களே, இங்கே உண்டா என்று கேட்டார். பள்ளி நிர்வாகி, சிறுபான்மைப் பள்ளிக்கு அது பொருந்தாது என்று சொல்லி உட்கார வைத்தார். சட்டப்படி சரிதான், உச்ச நீதிமன்றம் 2014-ல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. (2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வே அந்தத் தீர்ப்பில் சந்தேகம் தெரிவித்து, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பிவைத்தது.) ஆனால் அந்தத் தாய் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பிரின்சிபால் மேடம் குறிப்புகளை ஒவ்வொன்றாக இந்தியில் விளக்கினார். தமிழ்த் தாய்மார் கையில் என் தாள். எண் சொல்லச் சொல்ல விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பதினாறு முடிந்தது. பதினேழு. மேடம் தொழுகையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி, பேரனை மடியில் வைத்திருந்தவர், தாளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, அவுக தொழுகையப் பத்திப் பேசுதாக. இதுல செல்போனுன்னுல்லா போட்டிருக்கு?”

அவருடைய இன்னொரு பேரன், பத்து வயதிருக்கும், பின்வரிசையிலிருந்து ஆங்கிலத் தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அதுல 24 இருக்கு. நம்மதுல 23தான்.”

சத்தம் மேடைவரை போயிற்று. என்ன விஷயம் என்று மேடம் கேட்டார். நான் எழுந்து நின்றேன். அச்சுப்பிழை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. “ஒரு குறிப்பை நான் விட்டுவிட்டேன்” என்று மட்டும் சொன்னேன். மேடம் என்னை ஒரு கணம் பார்த்தார். “சரி, கூட்டம் முடிந்ததும் பேசலாம்” என்று பதினெட்டுக்குப் போனார்.

அந்தப் பெண்மணி விடவில்லை. அந்தக் குறிப்பில் என்ன இருந்தது என்று கேட்டார். சொன்னேன். ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் யோசித்தார். “நாங்க ஹனஃபிதான். எங்களுக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா நீ ஒண்ண எடுத்துட்டா, மிச்சம் இருக்கது எல்லாம் சரியான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிடதும்மா? எங்களுக்கு இந்தத் தாள் ஒண்ணுதானே இருக்கு.”

எந்த ஆசிரியரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது.

கூட்டம் முடிந்து மேடத்தின் அறைக்குப் போனேன். ஆபாவும் இருந்தார். தேநீர் வந்தது. நான் நீதிபதி மஹ்மூத், ளாத், கடற்கரை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மேடம் கையமர்த்தினார். “நான் ரத்னகிரிக்காரி” என்றார்.

கொங்கணி. அதாவது ஷாஃபி. நான் வாயடைத்துப் போனேன்.

“அந்தக் குறிப்பை எழுதியது நான்தான்” என்று தொடர்ந்தார். பள்ளி தொடங்கிய புதிதில் ஒவ்வொரு வாரமும் ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தாராம். என் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கையை உயர்த்துகிறான் என்று ஒருவர். உயர்த்தாமல் வருகிறான் என்று இன்னொருவர். பாடப்புத்தகம் ஒன்றுதான்; அது ஹனஃபி முறையில் இருந்தது. அதையே எல்லாருக்கும் வைத்துவிட்டால் சண்டை ஓயும். “நான் மும்பையில் விடுதியில் தங்கிப் படித்தபோது கையை இறக்கிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். மற்றவர்களுக்கும் அது ஒன்றும் சிரமமாக இருக்காது என்று நினைத்தேன்.” சொல்லிவிட்டுத் தேநீரைக் கலக்கினார். சர்க்கரை ஏற்கனவே கரைந்திருந்தது.

ஆபா நடைமுறை பேசினார். பள்ளி நேரத்தில் வருவது மதியத் தொழுகை ஒன்றுதான். அதில் யாருமே சத்தமாக ஓதுவதில்லை. ஆகவே ஆமீன் பிரச்சினை பள்ளியில் எழவே எழாது. “உங்கள் கவலையில் பாதி போயிற்று” என்றார். மீதி, கை. நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஒருத்தி மட்டும் உயர்த்தினால் மற்றவர்கள் தொழுகையை விட்டுவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள். அவர் சொன்னதில் விஷமம் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

படிவத்தில் எந்த மரபு என்று ஒரு கட்டம் சேர்த்துவிடலாமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன், யோசிக்காமலே. ஷாஃபி, ஹனஃபி என்று தொடங்கும் கட்டம் அதோடு நிற்காது. அடுத்த ஆண்டு பரேல்வி, தேவ்பந்தி, அஹ்லே ஹதீஸ் என்று நீளும். பிள்ளையின் நெற்றியில் ஒரு சீட்டை ஒட்டியாகிவிடும். பிறகு எது வேண்டும் என்று கேட்டார். அவளைத் திருத்தாமல் இருந்தால் போதும் என்றேன். இதை எப்படிக் குறிப்பாக எழுதுவது என்றார். நீங்கள் முதலில் தமிழில் எழுதுங்கள், நான் ஆங்கிலமாக்குகிறேன் என்று ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன்: உங்கள் வீட்டில் தொழும் முறை பாடப்புத்தகத்தில் உள்ளதிலிருந்து வேறுபட்டால், முதல் வாரத்திலேயே ஆசிரியையிடம் சொல்லுங்கள், குழந்தை வீட்டில் கற்றபடி தொழலாம்.

படித்துக் காட்டியபோது மேடத்துக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆங்கிலப் பிரதியை மாற்ற அறக்கட்டளைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு கூடச் சில மாதங்கள் ஆகும். “தமிழில் இப்போதே போட்டுவிடுங்கள். குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது” என்றார், லேசாகச் சிரித்து.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் வேறொன்று என்று போட்டால், நான் ராத்திரியில் திருட்டுத்தனமாகச் செய்ததை இப்போது அனுமதியோடு செய்கிறேன் என்றாகும். மடியில் பேரனோடு அந்தப் பெண்மணி கேட்ட கேள்வி அப்படியே நிற்கும். ஆகவே பதினேழாவது குறிப்பை ஆங்கிலத்தில் உள்ளபடி, ‘கூடாது’ என்ற சொல்லோடு தமிழில் எழுதினேன். அதன் கீழே, இது பிரின்சிபாலின் தனிக் குறிப்பு என்று போட்டு, புதிய வாசகத்தைச் சேர்த்து, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுத்தான் போட்டார். முப்பத்துச் சொச்சம் பிரதி எடுத்து, பழைய தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தோம். அந்தப் பெண்மணி பேரனை விட்டு எண்ணச் சொன்னார். 24 இருந்தது.

ஜூன் 17 பக்ரீத். மாநிலத்தில் மற்ற பள்ளிகள் 15-ம் தேதியே திறந்துவிட்டன. இங்கே 20-ம் தேதி, வியாழக்கிழமை. ஹனஃபி கணக்கில் குர்பானிக்கு மூன்று நாள். எங்கள் கணக்கில் நான்கு. பள்ளி திறந்தது சரியாக எங்கள் நான்காவது நாளில். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் மகள்தான். “பார்த்தீங்களா, இங்கயும் நம்மள மறந்துட்டாங்க” என்றாள். ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிளாஸ்டிக் செருப்பும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, ஒரு முக்காட்டைத் தலையிலும் இன்னொன்றைப் பையிலும் வைத்துக்கொண்டு கிளம்பினாள். டிபனில் பெருநாள் இறைச்சி வறுவல், அவள் கேட்டு வாங்கியது.

அந்த வாரத்திலேயே, ஜூன் 26-ம் தேதி, செம்பூரில் ஒரு கல்லூரி முக்காட்டுக்கு விதித்த தடையை எதிர்த்து மாணவிகள் தொடுத்த வழக்கைப் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. (ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஓரளவு நிறுத்திவைத்தது.) பள்ளி வாசலில் தாய்மார் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் பத்து வருடம் கழித்து இவள் கல்லூரிக்குப் போக வேண்டுமே என்று ஒருவர் சொன்னார். பேச்சு அதோடு நின்றது.

முதல் நாள் மதியம் நான் அலுவலகத்தில் வேலை செய்யவில்லை. ஒரு மணிக்கு மேல்மாடிக் கூடத்தில் பெண்பிள்ளைகள் வரிசையாக நின்று தனித்தனியாகத் தொழுவார்கள், ஆபா நடந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். மாலையில் வீட்டுக்கு வந்தவளிடம் பாடம் எப்படி, தோழி கிடைத்தாளா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். லுஹர் தொழுதாயா?

“ஸுஹர் தொழுதேன்” என்றாள். பிறகு, “இங்க லுஹர்” என்று வீட்டுத் தரையைக் காட்டினாள்.

கையை உயர்த்தினாயா என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று செய்து காட்டினாள். குனிவதற்கு முன் கைகள் இரண்டும் கட்டியபடியே இருந்தன. மேலே இருந்த வலது கையின் விரல்கள் மட்டும் மெல்ல எழும்பி, திரும்பப் படிந்தன.

“ஆபா பார்த்தாங்களா?”

“பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. முக்காடு இரண்டுமே காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன்.